ஐந்தாவது அறைக் குளிசை

எங்கள் வீதி முனையில் இருக்கும் மருந்துக்கடையின் மருந்தாளரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இந்த ஒரு விடயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கும் தன் பதிவுச் சான்றிதழுக்குக் கீழே நின்றுகொள்வார். தடிமனுக்கு அன்டிபயோட்டிக் கேட்டால், டொக்டர் எழுதிய துண்டு எங்கே என்பார். துண்டைக் கொடுத்தால் யாருக்கு என்பார். எனக்குத்தான் என்றால், வேறு என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்பார். கப்பலில் வந்து இறங்கும் சாமானுக்குக்கூட இவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே அவருக்கு 'சுங்கம்' என்று பெயர் வைத்தேன். வைத்ததோடு நிற்காமல் வரிசையில் நின்றவர்களுக்கும் உரக்கச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, பகிடிக்கு இஞ்சை மருந்து இல்லை. அடுத்த ஆள் வாங்கோ."

அந்த இரண்டு பேரும் இப்போது இன்னும் கூடச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கடை முதலாளிக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். 'மேற்படி உத்தியோகத்தர் வாடிக்கையாளர்களை அநாவசியமாக விசாரணை செய்து மன உளைச்சலுக்கு உள்ளாக்குவதால், தக்க நடவடிக்கை எடுக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' முழுத்தாளில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். மறுபக்கத்தை வெறுமையாக விட்டேன். அப்படி விட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

லிங்கநகரில் எங்கள் வீட்டில் சமையல் மனைவியின் பொறுப்பு, மருந்து என் பொறுப்பு. அவளுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதம் ஒருமுறை நாலு வகைக் குளிசை தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு கடதாசி உறையில் வரும். மருந்தின் பெயரும் எத்தனை வேளை என்பதும் உறையில் இருக்கும். அந்த உறைகளை நான் எறிந்துவிடுவேன். அதற்கு என்னிடம் காரணம் இருந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் கடல் காற்றுக்குக் கடதாசி நிற்காது. ஒட்டிய லேபல் ஒரு மாரி தாண்டாது. அதனால் பீப்பாக்களில் நிறப்பட்டை அடித்து வைப்போம். சிவப்பு என்றால் இது, நீலம் என்றால் அது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஒரு பிழைதான் நடந்தது. அதுவும் ஒரு கப்பலின் கழிவறைக் கதவு நிறம் மாறியதோடு முடிந்தது.

வீட்டிலும் அதே முறைதான். தூண்டில் முள் போடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கிடந்தது. மீன் பிடிக்கவென்று வாங்கியது, மீன்கள் ஒத்துழைக்கவில்லை. அதன் அறைகளில் ரோசா, மஞ்சள், பச்சை, நீட்டு வெள்ளை என்று குளிசைகளைப் பிரித்துப் போட்டேன். மருந்துத் தட்டுப்பாடு வந்த நாட்களில் ஒரே துண்டைப் போட்டோக் கொப்பி எடுத்து மூன்று கடையில் ரோசாக் குளிசை வாங்கிச் சேர்த்தேன். பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கையிருப்பு இல்லாத களஞ்சியக்காரன் என்ன களஞ்சியக்காரன்?

ஒரு மாதம் கிளினிக் ஜன்னலில் மருந்தை நீட்டியவர் கம்பிக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். நான் அப்போது தலைக்கு மேலே சுற்ற மறுத்த காற்றாடியைப் பற்றி வரிசைக்குப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால், அதுவரை பார்த்திராத ஒரு வட்ட வெள்ளை. ரோசா வரவில்லை, அதனால் என்ன, ரோசா என்னிடம் நிறையக் கிடந்தது. வெள்ளைக்கு ஐந்தாவது அறையைத் திறந்தேன்.

"என்னப்பா, ஒண்டு கூடக் கிடக்கு?" என்றாள் மனைவி.

"டொக்டர் கூட்டியிருக்கிறார்."

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு கிழமைக்குள் அவள் தேங்காய் துருவும்போது பாதியில் எழும்பிப் போய்ப் படுத்தாள். கிணற்றடிக்குப் போகும்போது சுவரைப் பிடித்தாள். ஒரு நாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பிடித்தபடியே நிலத்தில் சரிந்தாள். சத்துக் குறைவு என்று நான் முடிவு செய்தேன்.

சுங்கத்திடம் போனேன்.

"நல்ல சத்து டொனிக் ஒண்டு தாங்கோ."

"ஆருக்கு?"

"மனிசிக்கு."

"என்ன செய்யுது அவவுக்கு?"

"தலைச்சுத்து. காலமை விழுந்துபோனா."

விலைப்பட்டியல் ஒட்டிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. "விழுந்தவவோ? என்னென்ன குளிசை குடிக்கிறா?"

"ரோசா, மஞ்சள், பச்சை, நீட்டு வெள்ளை, வட்ட வெள்ளை."

"ஐயா, நான் பேர் கேட்டனான். நிறம் கேக்கேல்லை."

"நான் டொனிக் கேட்டனான். விசாரணை கேக்கேல்லை."

"டொனிக் தர ஏலாது. கிளினிக் கொப்பி, வீட்டிலை இருக்கிற குளிசை எல்லாத்தையும் எடுங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு இண்டைக்கே வாங்கோ."

"தராட்டி வேறை கடையிலை வாங்குவன்."

"வாங்குங்கோ. அவ திரும்ப விழுந்தா அந்தக் கடைக்காரர் தூக்க வரமாட்டார்."

அந்த 'வேறை கடை'யில் ஒரு கேள்வியும் இல்லை. போத்தலைச் சுற்றித் தந்தார்கள். வெற்றியோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி போத்தலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"பெட்டியை எடுங்கோ. போவம்."

"அதிட்டையோ? என்னத்துக்கு?"

"இவ்வளவு நாளும் உங்கட பகிடியைக் கேட்டுத்தான் தலை சுத்துதெண்டு நினைச்சனான். அந்தப் பிள்ளையெண்டாலும் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கு."

ஓட்டோவில் போனோம். சுங்கம் வெளியே வந்து மனைவியைக் கைப்பிடித்துக் கதிரையில் இருத்தினார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

"இதென்ன பெட்டி?"

"தூண்டில் முள் போடுறது."

அவர் முகத்தில் வந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. கிளினிக் கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"கொப்பியிலை நாலு மருந்து. பெட்டியிலை அஞ்சு." ரோசாவையும் வட்ட வெள்ளையையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டும் ஒரே மருந்து. கொம்பனி மாறினதாலை நிறம் மாறியிருக்கு. இந்த மாசம் எத்தினை பேர் உறையோட கொண்டுவந்து காட்டிக் கேட்டவை. நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற குளிசை. அம்மா ரெட்டிப்பாய்க் குடிச்சிருக்கிறா."

மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முழு நிமிடம். கடையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அமைதி என்றால் ஆகாது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாயை மூடுங்கோ" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"நாப்பத்திநாலு" என்றார் சுங்கம். "அறுபதுக்கு மேலை இருக்கவேணும். இந்த அஞ்சாவது குளிசையை ஆர் கூட்டினது?"

"டொக்டராம்" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வரிசையும் பார்த்தது.

"நான்தான்" என்றேன்.

சுங்கம் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஆனால் அவர் மேசை இலாச்சியை இழுத்து ஒரு முழுத்தாளை எடுத்தார். கையெழுத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டேன். நான் அனுப்பிய முறைப்பாடு, முதலாளி அதை இவரிடமே கொடுத்திருக்கிறார். அதைத் திருப்பி, நான் வெறுமையாக விட்ட பக்கத்தில், மருந்தின் பெயர், அளவு, இரண்டு நிறம், எத்தனை நாள், நாடித்துடிப்பு எல்லாம் எழுதிக் கையொப்பம் வைத்தார். பக்கத்தில் வெற்றுத்தாள் ஒரு கட்டுக் கிடந்தது. அதையும் நான் கண்டேன்.

"இதை ஆஸ்பத்திரி டொக்டரிட்டைக் குடுங்கோ. அம்மாவை நடக்க விடாதேங்கோ. மற்றப் பக்கத்தையும் விரும்பினாக் காட்டுங்கோ."

டொக்டர் சுங்கம் எழுதிய பக்கத்தை வாசித்ததும் மனைவியை உடனே கட்டிலில் ஏற்றி நெஞ்சில் வயர்களை ஒட்டச் சொன்னார். அதன் பிறகுதான் தாளைத் திருப்பினார். முழுவதும் வாசித்தார்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான், டொக்டர்."

"நல்ல தமிழ்" என்று சொல்லி அதை மனைவியின் கோவையில் கோத்தார். சுங்கத்துக்கு எதிரான என் முறைப்பாடு, என் மனைவியைக் காப்பாற்ற அவர் எழுதிய கடிதத்தோடு சேர்ந்து இன்றும் அங்கே கிடக்கும்.

அவள் இரண்டு நாள் வார்டில் இருந்தாள். அந்த மருந்தை நிறுத்தியதும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. நான் வார்டுக்கு வெளியே மர வாங்கில் இருந்தேன். கிணற்றுக்கட்டு எங்கள் வீட்டில் முழங்கால் உயரம்தான். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போன காலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தூண்டில் பெட்டியைக் கழுவி ஊசி நூல் போட்டாள். ஆஸ்பத்திரியில் புதிதாகத் தந்த குளிசை உறைகள் அலுமாரிக்குள் போயின. அதைப் பூட்டும் திறப்பு அவள் கையில். என் கொலஸ்ட்ரோல் குளிசையும் அவள் நிர்வாகத்தில்தான். அது முடிந்தபோது என்னைக் கடைக்கு அனுப்பினாள். நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும் என்று கட்டளை.

"மிஸ், அண்டைக்கு நீங்கள்..."

"துண்டு?"

கொடுத்தேன்.

"இது என்னத்துக்குக் குடிக்கிறீங்கள்?"

"கொலஸ்ட்ரோலுக்கு."

"எப்ப?"

"காலமை."

"துண்டிலை இரவெண்டு கிடக்கு. எப்ப?"

"இரவு."

"கேக்கேல்லை."

"இரவு!" என்று வரிசைக்கே கேட்கும்படி கத்தினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். உறையை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

படி இறங்கிய பிறகுதான் நன்றி நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்தது.

"இனி என்ன, ஐயா?"

உறையை நீட்டினேன். "உறையிலை எழுத்து விளங்கேல்லை" என்றேன்.

என்னை ஒரு தரம் முறைத்துப் பார்த்தார். உறையை வாங்கி, தடித்த பேனாவால், பாலர் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதித் தந்தார்: இரவு ஒன்று.

அந்த உறையை நான் எறியவில்லை.