குட்டியின் தட்டும் என் தட்டும்

வரிசையாகச் சொல்கிறேன்.
1. எங்கள் மூன்று மாதப் பொமரேனியன் குட்டி கடிக்கிறது.
2. தவறு குட்டியுடையது.
3. இன்று மாட்டாஸ்பத்திரியில் கேட்டது.

சாப்பிடும்போது நடுவில் தட்டை எடுத்தால் குட்டி அடங்கும் என்று எங்கோ படித்து, பத்து நாளாக அப்படியே செய்தேன். முதலில் உறுமியது. நேற்று விரலைக் கடித்தது.

"இன்னொரு தபா கடிச்சா பக்கத்து ஊரு பெருநகர்ல யாருக்காவது குடுத்துடலாம் நைனா" என்றான் மகன்.

இன்று ஊசி போடும் வரிசையில், ஆட்டுடன் நின்ற பெண்ணிடம் இதைச் சொன்னேன்.

"துன்றப்போ தட்டைப் புடுங்கிக்கினு இருந்தா, உறுமாம கொஞ்சுமா பெரியவரே?"

மதியம், சர்க்கரை ஏறும் என்று மருமகள் பாதிச் சோற்றோடு என் தட்டை எடுத்துக்கொண்டாள். நான் உறுமவில்லை.

மகனிடம் சொல்லத் துணிவில்லாததால் இங்கே சொல்கிறேன்: இரண்டாவது குறிப்பு தவறு. அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.