எண்ணெய் படக்கூடாத சிலுவைகள்

என் நெஞ்சில் முதன்முதலாகச் சிலுவை போட்டது போதகர் அல்ல, தூடோங் என்கிற முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில், ஊதா மார்க்கர் பேனாவால், அளவுகோல் வைத்து வரைந்தாள். இடது மார்பை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் கதிர் எங்கே விழவேண்டும் என்பதற்கு அடையாளமாக மொத்தம் நான்கு சிலுவைகள். அழிந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்து அளவு பார்க்கவேண்டும், சிகிச்சை நின்றுபோகும் என்று சொல்லி அனுப்பினாள். நடுவில் நிற்கவே கூடாது என்று டாக்டர் ஏற்கெனவே மிரட்டியிருந்தார்.

நான் பரம்பரைக் கிறிஸ்தவள். ஆனால் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது. ஆண்டவரோடு ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. இந்த லட்சணத்தில் நெஞ்சில் நாலு சிலுவை!

எங்கள் ஊர் கிள்ளான் வெயிலுக்கு இரண்டு வேளை குளிக்காவிட்டால் ஆள் நாறிவிடும். நான் நெஞ்சில் தண்ணீர் படாமல் குளிக்கப் பழகினேன். குளித்து வந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணுவார். லோரி ஓட்டின மனுஷன், டயர் பார்ப்பதுபோலவே பார்ப்பார். "நாலும் இருக்கு லா, போவோம்," என்பார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சர்ச்சிலிருந்து ஜெபக்குழு வந்தது. ஐந்து பெண்கள். தலைவி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்து வரும் ஒரு அக்கா. ஜெபம் என்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எண்ணெய் பூசி, தலையை அழுத்தி, நோயாளி சோபாவில் அரையடி இறங்கிய பிறகுதான் ஆமென். அன்றும் கைப்பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு என் தலைத்துணியை அவிழ்க்க வந்தார். கீமோவில் முடி எல்லாம் கொட்டிய தலை. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் நான் அதைக் காட்டியதில்லை. இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

"தலை வேணாங்க்கா."

"சரிம்மா. அப்ப நோய் வந்த இடத்துலயே பூசிடுவோம்."

என் கவுன் பொத்தானைக் கழற்றி, கண்ணை மூடி, உள்ளங்கை நிறைய எண்ணெயோடு தேய்க்க ஆரம்பித்துவிட்டார். மற்ற நாலு பேர் என் தோளைப் பிடித்திருந்தார்கள். "ஐயோ! அக்கா, விடுங்க! விடுங்க!" என்று கத்தினேன். பிசாசு அலறுகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாரும் இன்னும் சத்தமாக அல்லேலூயா போட்டார்கள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த அக்கா தன் கையைப் பார்த்தார். கை முழுக்க ஊதா.

"பாரும்மா, நோய் வெளிய வருது!"

அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அப்போதுதான் ஓடிவந்தார். எண்ணிப் பார்த்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அது என்ன கோடு, எதற்கு என்று அவர் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் செத்துப்போனது. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை அந்த மலாய்ப் பெண்ணிடம், சர்ச் ஆட்கள் ஜெபம் பண்ணி அழித்துவிட்டார்கள் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டோவா தா அப்பா, ஆன்டி. மிஞாக் ஜாங்கான்."

ஜெபம் பண்ணலாமாம், எண்ணெய்தான் கூடாதாம்.

மறு ஸ்கேன், மறு அளவு என்று மூன்று நாள் போயிற்று. அந்த மூன்று நாளும் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அந்தத் துணியை விட்டுக்கொடுத்திருந்தால் எண்ணெய் தலையோடு போயிருக்கும் என்று நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் அவள் பேனாவோடு குனிந்தபோது அவள் உதடு மெல்ல அசைந்தது. அவளும் ஏதோ வேண்டிக்கொள்கிறாள். ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட கை ஆடாம பாத்துக்குங்க என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். ஏழு மாதத்தில் அதுதான் முதல் ஜெபம்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் உள்ளே வந்தார்கள். அக்கா கேட்டுக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்கக்கா."

"இங்கயே நிக்கிறேம்மா. என் கை சரியில்ல."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று தலைத்துணியை அவிழ்த்தேன்.

"இங்க கோடு கிடையாதுக்கா. வைங்க."

அவர் கை மெல்ல வந்து மொட்டைத் தலையில் உட்கார்ந்தது. அழுத்தவே இல்லை. கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தார். கடைசியில் நான்தான் ஆமென் சொன்னேன்.