அடையாறு வேஷம்

இன்று தி.நகரில் என் பேத்தி ரம்யாவின் பள்ளி நாடகம். அவளுக்கு அடையாறு வேஷம்.

ஆறு என்றதும், நீலப் பாவாடையில் வெள்ளிச் சரிகை வைத்து நானே தைத்துக் கொடுத்திருந்தேன். டீச்சர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கறுப்புத் துணி சுற்றி, முகத்தில் கரி பூசி அனுப்பினார். எனக்குக் கோபம்தான்.

ரம்யா மேடைக்கு வந்து, "நான்தான் அடையாறு. என்கிட்ட வாங்களேன்" என்று கையை நீட்டினாள்.

முன்வரிசையில் இருந்த நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த ஹாலில் மல்லிகைப்பூ வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. அடையாறு என்ற பேரைக் கேட்டதும் கை தானாகப் போய்விட்டது. அவள் பார்த்துவிட்டாள்.

எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் என்னைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள்.

சைதாப்பேட்டைப் பாலம் வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, முந்தானைக்குள்ளிருந்தே, "இன்னா பாப்பா, மூஞ்சியெல்லாம் கரியா கீது?" என்றார்.

"நான்தான் ஆறு."

"எந்த ஆறு?"

"இதோ, கீழ ஓடுதே, அது."

அந்தம்மா சிரிக்கவில்லை. மூக்கிலிருந்த முந்தானையை மெல்ல இறக்கினார். "கோச்சுக்காத கண்ணு" என்றார்.

நான் அவளிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது. பாலம் முடியும்வரை இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருந்தேன். பிறகுதான் ரம்யா என் தோளில் சாய்ந்தாள்.

ஆறு இன்னும் அப்படியேதான் நாறுகிறது. நாளைக்கு அந்தப் பாலத்தைத் தாண்டுகிறவர்கள், உங்கள் கை எங்கே போனது என்று எனக்குச் சொல்லுங்கள்.