பரிட்சை கேட்ட பேய்

சமயநல்லூரில் ஒரு பேய் இங்கிலீஷ் பேசியது, கால்குலஸ் போட்டது, மதுரையில் ஒரு மகளிர் கல்லூரிக்குப் போய்ப் பரிட்சை எழுதிப் பாஸும் ஆனது. இதை என்னிடம் சொன்னவர் மாட்டுத்தாவணியில் டீக்கடை வைத்திருப்பவர். "நெசமாத்தாண்ணே. எங்க சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்துலதான் நடந்துச்சு" என்று சத்தியமும் செய்தார். மதுரையில் வதந்தி என்று ஒன்று பிறந்தால் அது யாராவது ஒரு சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்தில்தான் பிறக்கும்.

பேய் இங்கிலீஷ் பேசியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் எத்தனை வருஷமாயிற்று, அவன் பாஷை இன்னும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகிறது. பாஸானதுதான் உறுத்தியது. உயிரோடும் டியூஷனோடும் இருந்த என் தங்கை மகன் மூன்று தடவை எழுதியும் தேறாத பாடம் அது. செத்தவர்களுக்கு மட்டும் எப்படி வந்தது? விசாரித்துவிடுவோம் என்று பஸ் ஏறினேன்.

பேயை ஓட்டியவர் சுருளி கோடாங்கி. இப்போது சமயநல்லூர் ரோட்டோரம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். கூப்பன்கள் தொங்கும் அதே ஆணியில் உடுக்கையும் தொங்குகிறது. நான் கேட்டதும் மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சாராயம் கேட்ட பேயப் பாத்திருக்கேன், சுருட்டு கேட்ட பேயப் பாத்திருக்கேன். செவப்புச் சேல, செவலச் சேவல், எல்லாம் பாத்தாச்சு. பரிட்சை கேட்ட பேய அன்னைக்குத்தேன் பாத்தேன். அதுக்குப் பெறகு ஒரு பேயும் என்னைய மதிக்கல. தொழிலே படுத்திருச்சு."

"நெசமாவே பேய்தானா?"

"அத அந்தப் புள்ளைட்டயே கேளுங்க. திருமங்கலத்துல கணக்கு டீச்சரா இருக்கு." கடைக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். "ஆனா உருமத்துல போகாதீக."

உருமம் என்றால் உச்சிப்பொழுது. மற்ற ஊர்களில் பேய்க்கு நடுச்சாமம். எங்கள் சீமையில் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கே டூட்டி தொடங்கிவிடும். அந்த நேரத்தில் புளியமரத்தடிக்கும் கண்மாய்க்கரைக்கும் ஆள் போகமாட்டார்கள். இந்தக் கதையே அந்த வழக்கத்தில்தான் முளைத்தது.

நாகஜோதிக்குச் சொந்த ஊர் எழுமலை. அப்பா சோணை, சமயநல்லூர் அரிசி ஆலைக்கு வேலைக்கு வந்தவர். தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்கு மேற்கே ஒரு சின்னக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு கிடைத்தது. முதல் வருஷம் முடிந்ததும் அந்தக் கல்லூரி கணக்குப் பிரிவை மூடியது. எல்லோரும் கம்ப்யூட்டருக்கு ஓடிக்கொண்டிருந்த 1998ஆம் வருஷம் அது. கணக்கில் மிஞ்சியது நான்கே பேர். மூன்று பேர் வேறு பிரிவுக்கு மாறினார்கள். நாகஜோதி மாறமாட்டேன் என்றாள்.

மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தில் ஒரே ஒரு இடம் காலி என்று தெரிந்து விசாரிக்கப் போனாள். அதற்கும் ஒரு பரிட்சை உண்டு: கால்குலஸ் ஒரு தாள், இங்கிலீஷ் பத்தி படித்துப் பதில் எழுதுவது ஒரு தாள்.

"இடம் எப்படிக் காலியாச்சுன்னு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம கேட்டுட்டேன்" என்றாள் நாகஜோதி. திருமங்கலத்தில் அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். "ஆபீஸ்ல இருந்த அம்மா நிமிராமச் சொன்னாங்க. 'இந்துப்ரியான்னு ஒரு பொண்ணு. மூளைக்காய்ச்சல்ல போயிருச்சு. அப்ளிகேஷன் பாரத்த இங்க வச்சுட்டுப் போம்மா'ன்னு. வெளிய வந்ததும் ஒண்ணுதான் தோணுச்சு. ஒருத்தி எந்திரிச்ச இலையில நான் உக்காரப் போறேன்."

உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தாய்மாமன் மகன் பால்பாண்டி லாரி ஓட்டிக்கொண்டு காத்திருந்தான். இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அம்மா ஒச்சாயி தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பால்பாண்டி கெட்டவன் இல்லை. அவன் லாரியின் பின்னால் 'பெண்ணின் திருமண வயது 21' என்றுகூட எழுதியிருந்தது. நாகஜோதிக்கு அப்போது பத்தொன்பது.

கால்குலஸ் அவளுக்குத் தெரியும், ஆனால் தமிழில் தெரியும். வகையீடு, தொகையீடு என்று விரல் நுனியில் இருந்தது, இங்கிலீஷ் உடுப்பு மாட்டி வந்தால் அடையாளம் தெரியாமல் போனது. இங்கிலீஷ் பத்தியோ வெறுமனே கண்ணால் படித்தால் நிற்காது. சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஒற்றை அறை வீட்டில், அம்மா ஒருபுறம், பக்கத்து வீட்டு டி.வி. மறுபுறம் என்று எங்கே சத்தம் போடுவது? ஊரில் ஒரு ஆளும் வராத இடம், வராத நேரம் என்று யோசித்தாள். கண்மாய்க்கரையில் பாழடைந்த பம்ப் ரூம். உருமம்.

வெயில் கொதிக்கும்போது பம்ப் ரூமுக்குள் உட்கார்ந்து, "லெட் எஃப் ஆஃப் எக்ஸ் பீ கன்டினியூவஸ்" என்று சுவருக்கு ஒப்பித்தாள். பிறகு இங்கிலீஷ் பத்தி. ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி வாசிக்கும் பெண்ணைப் போல இழுத்து வாசிப்பாள். உள்ளே குரல் மோதி எதிரொலிக்கும்.

"கொஞ்ச நாள் போனதும் எனக்கே ஒரு சந்தேகம். அந்தக் குரல் என்னது இல்ல. நான் நிறுத்துன பெறகும் ஒரு சொல் கூட ஓடுற மாதிரி இருக்கும்."

நம்மில் யார்தான் இங்கிலீஷைச் சொந்தக் குரலில் படிக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

வழிதவறிய ஆட்டைத் தேடி வந்த ஒருவர் காதில் அந்தக் குரல் விழுந்தது. ஆடு கிடைத்ததா என்பதை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்மாய்க்கரையில் ஊரே கூடிவிட்டது. தலைமுடி கலைந்து, வியர்வையில் நனைந்து, உதடு தானாக முணுமுணுக்க வந்த பெண்ணைப் பார்த்ததும் ஒச்சாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ளையப் பிடிச்சிருச்சே!" படிக்கிறேன் என்று நாகஜோதி சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. உருமத்தில் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து படிப்பேன் என்று சொல்வது பேய் பிடித்ததற்கு முதல் அடையாளம்.

மறுநாள் சுருளி வந்தார். உடுக்கை அதிர்ந்தது, வேப்பிலை அடி முதுகில் விழுந்தது.

"யாரு நீயி? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளையப் பிடிச்ச?"

அடி விழுந்தது. மறுபடி கேட்டார்.

"இந்துப்ரியா. மதுர."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"அண்ணே, நடிச்சேன்னு சொன்னா உங்களுக்கு எழுத வசதியா இருக்கும்" என்றாள் நாகஜோதி என்னிடம். "நான் யோசிச்சுச் சொல்லல. அந்தப் பேரு மாசக்கணக்கா வாய்க்குள்ள கெடந்துச்சு. அடி தாங்காம வெளிய வந்துருச்சா, அதுவா வந்துச்சா, இன்னிவரைக்கும் தெரியாது."

"என்ன வேணும் ஒனக்கு? கேட்டு வாங்கிட்டு ஓடிரு" என்றார் சுருளி. அது கோடாங்கித் தொழிலின் சட்டம். பேய் கேட்டதைக் கொடுத்துவிட்டால் அது போய்விட வேண்டும், கொடுக்காவிட்டால் போகாது. அந்தச் சட்டம் நாகஜோதிக்கும் தெரியும்.

"பரிட்சை எழுதணும்."

உடுக்கை நின்றது. ஒச்சாயி, "எழுதட்டும், எழுதிட்டுத் தொலையட்டும்" என்று அழுதாள். தாய்மாமன்தான் மசியவில்லை. "கல்யாணத்தத் தட்டிக் கழிக்க நாடகம் போடுது கழுதை. மதுரயில அப்பிடி ஒரு புள்ள செத்திருந்தா அதப் பெத்தவகளக் கூட்டியாங்க. அவுக சொல்லட்டும், நான் ஒத்துக்கிறேன்."

பால்பாண்டி பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். "அப்பா, பேயோட குடும்பம் நடத்தக்கூடச் சம்மதம். இங்கிலீஷ்ல வஞ்சா எனக்குப் புரியாதுல்ல, அதேன் யோசனையா இருக்கு."

விசாரித்துக் கூட்டி வந்துவிட்டார்கள். மதுரை மகால் பக்கத்தில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம், சேலை வியாபாரம். இந்துப்ரியாவின் அம்மா ரங்கநாயகி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. மகள் வந்திருக்கிறாள் என்று சொன்னால், நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஒரு தாய் வெறுங்கையோடு வருவாளா?

சரியாக உருமத்தில்தான் வந்தார். வாசலில் ஊர் நின்றது. ரங்கநாயகி நாகஜோதியின் எதிரே தரையில் உட்கார்ந்து, தாடையைத் தொட்டு முகத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் வீட்டு மொழியில் பேசினார்.

மாமன் முகத்தில் சிரிப்பு வந்தது. இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிடலாம். சௌராஷ்டிரம் எழுமலைக்காரிக்கு எங்கிருந்து வரும்?

நாகஜோதிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே போனவர், கடைசியில் காதோரம் குனிந்து ஒரு வரி சொன்னார். அது கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தார். நாகஜோதியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாய் திறக்கவில்லை.

ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அவதான்" என்றார். "பரிட்சை எழுதணுங்கிறா. எழுத விடுங்க."

டப்பாவை நாகஜோதியின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். டப்பாவுக்குள் புளியோதரை. அவர்கள் வீட்டுப் பக்குவம், எண்ணெய் மினுமினுக்க, கடலைப்பருப்பு சிவக்க. மூடியில் புள்ளி புள்ளியாய் வெட்டிய பெயர்: இந்துப்ரியா.

அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அதை முழுக்கச் சாப்பிட வேண்டியிருந்தது. பேய் மிச்சம் வைக்காதாம்.

குடும்பமே காவலிருந்து பரிட்சைக்குக் கூட்டிப் போனது. சோணை ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்லூரி வாசலில் நின்றார். சுருளி விபூதிப் பையோடு வந்தார், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கணக்குத் தாளைப் பயமில்லாமல் முடித்தாள். இங்கிலீஷ் பத்தியைப் பிரித்ததும் பம்ப் ரூமில் கேட்ட குரல் தலைக்குள் வாசிக்கத் தொடங்கியது. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. அவள் எழுதிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் சுருளி அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து, பேயை அனுப்பிவிட்டதாக அறிவித்தார். அடுத்த வாரம் இடம் கிடைத்த செய்தி வந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: பேய் பாஸாகிவிட்டது. நாகஜோதி பாஸானாள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"எங்கம்மாவே கேட்டுச்சு. 'அது எழுதுன பரிட்சைக்கு நீ எப்பிடிடி போய்ப் படிப்ப? அதேன் போயிருச்சே, இனி கணக்கு யாருக்கு வரும்?'"

"கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா ஒவ்வொரு தடவ விடை சரியா வர்றப்பயும் முதுகுக்குப் பின்னால பாப்பேன். மொத நாள் கிளாஸ்ல மேடம் பழைய வருகைப் பதிவ வச்சுப் பேரு வாசிச்சாங்க. இந்துப்ரியான்னாங்க. நான் எந்திரிச்சு, 'எஸ் மேம்'னுட்டேன். யாரும் சிரிக்கலண்ணே. ஒருத்தரும் சிரிக்கல."

பால்பாண்டி வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இப்போதும் லாரி திருமங்கலம் பக்கம் வந்தால் இறங்கி, "என்ன மச்சினி, இங்கிலீஷ்ல ஒரு வாட்டி வையி, கேப்போம்" என்று கேட்டுவிட்டுத்தான் போவானாம்.

சொல்லி முடித்து, நாகஜோதி அலமாரி மேல்தட்டைக் காட்டினாள். டப்பா அங்கே இருந்தது. புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. ஒரு நாளும் அதில் எதுவும் வைத்ததில்லையாம்.

"திருப்பிக் கொடுக்கலையா?"

"வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுல்ல. எதையாவது போட்டுத்தானே குடுக்கணும்."

"சர்க்கரை போட்டுக் கொடுக்கலாமே."

"அந்தப் புளியோதரைக்குச் சர்க்கரையாண்ணே ஈடு?" என்றவள் மேல்தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அதுவும் இல்ல. போனா அந்தம்மா அன்னைக்குக் கேட்டதையே மறுபடி கேப்பாங்க. அந்த வரி சத்தம் மாறாம இன்னும் காதுக்குள்ள இருக்கு. அர்த்தம் என்னான்னு இதுவரைக்கும் யாருட்டயும் கேட்டதில்ல. மகால் பக்கம் போனா அவங்க ஆளுக பேசிட்டுப் போவாங்க, காதப் பொத்திக்குவேன். எங்கிட்டாவது புரிஞ்சு தொலைச்சிருச்சுன்னா?"

மறுவாரம் ரங்கநாயகி வீட்டு வாசலில் நான் நின்றேன். சேலை பார்க்க வந்தவன் போலப் பேச்சைத் தொடங்கினேன். சமயநல்லூர் என்றதும் அவர் மடித்துக்கொண்டிருந்த சேலையில் கை நின்றது. அன்றைக்கு நீங்கள் உண்மையாகவே நம்பினீர்களா என்ற கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவரே கேட்டுவிட்டார்:

"என் பொண்ணு நல்லா இருக்காளா?"

எந்தப் பெண் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "நல்லா இருக்காங்கம்மா. டீச்சரா இருக்காங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மடிப்பை முடித்து, சேலையை அடுக்கில் வைத்தார்.

"டப்பா அங்கதான் இருக்கு. வரச் சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். நாகஜோதி நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், முந்தானையால் பெயரின் மேல் ஒரு தடவை துடைத்தாள்.

"இந்த ஞாயித்துக்கெழம போறேண்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். டப்பா மேல்தட்டில்தான் இருக்கிறது.