தட்டாமல் திறந்த கதவு

சிடாம் கிரியிலிருந்து பெரிய தார்ச் சடக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, துணிப்பைக்குள் இருந்த மங்கு என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் மங்கு. கைப்பிடிக்குக் கீழே பூச்சு பெயர்ந்து இரும்பு தெரியும். பையில் அதைத் தவிர இரண்டு சட்டையும் ஒரு கைலியும் செம்பனைக் காட்டுக்குப் போடும் பூட்சும் இருந்தன. அக்காவை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. நான் அவர் வீட்டை விட்டுக் கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர் நிறுத்தி, ஏறிக்கொள் என்று தலையசைத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நடந்து வந்தால்தான் ஓர் இடத்தை விட்டு வந்த மாதிரி இருக்கிறது எனக்கு.

நிறைய இடங்களை விட்டு வந்தவன் நான். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிறகு கோலா கெத்திலில் ரப்பர்ப் பால்மரம் வெட்டினேன், செங்கல் ஏற்றினேன், மருந்தடித்தேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. அக்கா வீட்டில்தான் ஆறு வருடம் இருந்தேன். அவர் என்னோடு கூடப்பிறந்தவர் இல்லை. தோட்டத்து வீட்டின் பின்னறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தவர். அவர் கணவரும் நானும் ஒரே குத்தகைக்காரரிடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினோம். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "அவ அக்கான்னா நான் ஒனக்கு மாமன்லா. என்னையும் அண்ணன்ங்கற. அப்ப எங்க கல்யாணமே தப்பாப் போச்சே" என்று சிரிப்பார். அந்த மங்கு அவருடையது. விடியும்போது அதில் கோப்பி ஓ, பால் இல்லாத கோப்பி, குடிக்காமல் காட்டுக்கு இறங்கமாட்டார்.

அக்கா கிறிஸ்தவர். பிறந்தபோது அல்ல. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்து கண் சொருகிவிட்டது. சபை ஆட்கள் காடி கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், இரண்டு நாள் கூடவே இருந்து ஜெபித்தார்கள். சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்து அக்காவும் மகளும் சபைக்குப் போனார்கள். அண்ணன் போகவில்லை. தோட்டத்து முனியாண்டியையே அவர் வருடத்துக்கு ஒரு நாள்தான் பார்ப்பார். "மேல மோட்சத்துல வேலை கெடையாதாம், பசி கெடையாதாம், நாள் பூரா பாட்டாம். ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரத்துக்கே ஒங்க அக்காவுக்கு இடுப்பு புடிச்சிக்குது. நான்லாம் மூணாம் நாளே கேட்டைத் தாண்டி வந்துருவேன்." அக்கா கரண்டியோடு வந்து, "ஒங்கள யாரு கூப்ட்டா?" என்பார். "கூப்புடலன்னாலும் வருவேன். அங்க ஒனக்குக் கோப்பி கலக்கத் தெரியலன்னு யாருடி திட்டுறது?"

அண்ணன் செத்தது ஒரு நிமிடத்தில். குலை வெட்டும் அலுமினியக் குழாய் நீளமானது. மர வரிசையின் ஓரமாக மேலே போன மின்கம்பியில் அது பட்டுவிட்டது. நான் நான்கு மரம் தள்ளி இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவர் கீழே கிடந்தார். கையில் பூட்டு விழுந்த மாதிரி குழாயைப் பிடித்திருந்தார்.

அந்த வாரம் பாஸ்டர் வந்தார். சுங்கை பட்டாணியில் இருப்பவர். சின்ன வயது. யாரையும் புண்படுத்தப் பேசாதவர். அக்கா நேராகவே கேட்டார், அவர் எங்கே இருக்கிறார் என்று. பாஸ்டர் சுற்றிச் சுற்றிப் பேசினார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் போனவர்களை ஆண்டவர் கையில்தான் விட வேண்டும் என்றார். "பாஸ்டர், அங்க அழுகையே இல்லன்னு சொல்றீங்க. இவரு அங்க இல்லன்னும் சொல்றீங்க. அப்ப நான் எப்படி அழாம இருப்பேன்?" என்றார் அக்கா. "பழசெல்லாம் அங்க மனசுல வராதும்மா. அந்த வலியக் கர்த்தர் எடுத்துப் போட்டுருவாரு." அக்கா தலையை ஆட்டினார். பாஸ்டர் போன பிறகு, நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வலிய எடுக்கட்டும் தம்பி. ஆள எடுக்கச் சொல்லி நான் கேக்கலியே."

நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் அதை விட்டுவிட முடியாமல் மரத்துக்கு மரம் யோசித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அழுகையே இல்லாத ஓர் இடத்துக்கு அக்கா போகிறார். அண்ணனை மறந்துவிட்டு அங்கே சிரித்துக்கொண்டிருந்தால் அது அக்கா இல்லை. அண்ணன் வெளியே நிற்பது தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்தால் அதுவும் அக்கா இல்லை. பின்னே அங்கே போய்ச் சேர்வது யார்? எங்கள் பக்கம் மட்டும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. எங்கள் செத்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை பசியோடு வந்து நிற்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்று அதை யார் சொல்வார்? ஆனால் பசி இருப்பதால் அவர்களுக்கு நாம் வேண்டியிருக்கிறது.

அண்ணன் போய் மூன்றாவது வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் சுங்கை பட்டாணிக்குப் போக வேண்டும். மூன்று நாளும் சபைக் காடிதான் வந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

அண்ணன் இறந்த நாள் அந்த வருடம் வந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பின்னறை ஒன் ரூமு. அதுல நீ என்ன செஞ்சாலும் நான் கேக்க முடியாது, இல்ல?" எனக்குப் புரிந்தது. அவர் படைக்கக் கூடாது. நான் படைக்கலாம். கருவாட்டுக் குழம்புக்கு என்னென்ன போட வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். படையல் சோற்றை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. அதனால் உப்பு கூடிவிட்டது என்று நினைக்கிறேன். இலை போட்டு, சோறு, குழம்பு, அவித்த முட்டை, ஒரு பெட்டி சிகரெட், மங்கில் கோப்பி ஓ வைத்து, சாம்பிராணி காட்டி, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். செத்தவர் வந்து சாப்பிடும்வரை யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அக்கா கதவுக்கு வெளியே, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மகளுக்கு வேலை. குருண் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட். ஆனால் அப்பாவின் நினைவு நாள் என்று லீவு போட்டு, அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பாஸ்டரையும் சபையில் ஐந்தாறு பேரையும் கூட்டி வந்துவிட்டாள். முன்வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அதற்குள் சாம்பிராணி வாசனை கூடத்துக்குப் போய்விட்டது. மகள் நேராகப் பின்பக்கம் வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைப் படாரென்று திறந்தாள்.

"தட்டாம தொறந்துட்டியேடி!" என்று அக்கா அலறினார். உடம்பு இருந்த நிலைமைக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "அப்பா எலையில உக்காந்துருப்பாருடி! பாதிச் சோத்துல எழுப்பிட்டியேடி!"

கூடத்தில் கையில் வேதப்புத்தகத்தோடு பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் கத்தவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். ஊசி குத்தித் தடித்துப்போயிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீ எங்கூட வரமாட்டியாம்மா? அப்பாவ விட்டுட்டேன். ஒன்னையும் விட்டுட்டு நான் மட்டும் அங்க போய் என்னம்மா செய்வேன்?"

அம்மா கேட்ட கேள்விதான் அது. மகள் அதையே திருப்பிக் கேட்கிறாள் என்று இருவருக்கும் அப்போது தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. அக்கா நெடுநேரம் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "வர்றேன்டி" என்றார். எல்லோரும் ஜெபித்தார்கள். நான் இலையை மடித்து எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். மங்கில் கோப்பி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் படையல் இல்லை. அக்கா இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தார். மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. கடைசி வாரத்தில் ஒரு மதியம், மகள் வேலைக்குப் போயிருந்தபோது, என்னை அந்த மங்கை எடுத்து வரச் சொன்னார். "அவகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன் தம்பி. அவருகிட்ட என்ன சொல்றது?" மங்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். "இத நீ வச்சிக்க. நாளு, கெழம பாக்காத. கோப்பி கலக்குறப்ப அவருக்கு வையி. தட்டிட்டுத் தொற. அன்னிக்குப் பாதியில எந்திரிச்சிப் போன மனுசன்." சரி என்றேன்.

அடக்கம் நல்லபடியாக நடந்தது. வெள்ளைப் பூக்கள், நல்ல பெட்டி, சந்தோஷமான பாட்டுகள். அக்கா இப்போது பூரண இளைப்பாறுதலில் இருக்கிறார் என்றார் பாஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை மகள் எனக்கு ரொட்டியும் சாம்பாரும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "கோவிச்சிக்காதீங்க மாமா. ரூமு இனிமே வேணும்." நான் ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டிருந்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். கண் வீங்கியிருந்தது. குரலைத் தாழ்த்தி, "மாமா, ஒண்ணே ஒண்ணு. அம்மாவுக்கு மட்டும் எல போட்டுறாதீங்க. அவங்க அங்க நிம்மதியா இருக்காங்க. நீங்க கூப்ட்டா எறங்கி வந்துருவாங்க" என்றாள்.

அதற்கும் சரி என்றேன். சடக்கு ஓரமாக நடந்துகொண்டே அதைத்தான் யோசித்தேன். குறையே இல்லாத இடம் என்று நம்புகிற பெண்தான். ஆனால் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு அம்மா அதை விட்டு இறங்கி வந்துவிடுவாள் என்று பயப்படுகிறாள். அந்தப் பயத்தில் அவள் அம்மாவை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

பெரிய சடக்கில் குருண் பஸ் கிடைத்தது. முன்பு என்னோடு செங்கல் ஏற்றிய ஒருவர் அங்கே ஒரு தொழிற்சாலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையே கேட்டில் காவலுக்கு ஜாகா வேலை கொடுத்துவிட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தகரக் கொட்டகை. அதற்கு ஒரு கதவு. சூப்பர்வைசர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, "பேர் இருந்தா உடு, இல்லன்னா உடாத. யாரு அழுதாலும் உடாத, அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்குக் கடையிலிருந்து கோப்பி ஓ வாங்கி வந்தேன். அதை மங்கில் ஊற்றிக் கொட்டகைக்குள் மேசையில் வைத்தேன். இலை போடவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றேன். கேட்டுக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "என்னண்ணே, ஜாகா வெளிய நிக்கிறாரு. உள்ள யாரு?"

"ஆளு சாப்புடுறாரு" என்றேன்.

பட்டியலில் லாரிக்காரர் பேரைப் பார்த்துக் கேட்டைத் திறந்துவிட்டேன். அண்ணன் ஒருவர் குடிக்கிற நேரத்தைவிடக் கூடுதல் நேரம் கொடுத்தேன். இரண்டு பேர் குடிக்கிற நேரம். பிறகு கதவை இரண்டு முறை தட்டினேன். கொஞ்சம் நின்றேன். அதன் பிறகுதான் திறந்தேன்.