உத்தரவு இல்லாத வழியனுப்பு

ராணுவ லாரியின் முன்சீட்டில் அப்பா போவதைப் பள்ளிக்கூட ஆட்டோவிலிருந்து பார்த்துவிட்டால் நானும் தம்பியும் கத்திக் கையாட்டுவோம். மனுஷர் திரும்பியே பார்க்க மாட்டார். செகந்திராபாத்தில் ஒரு யூனிட்டின் வண்டிகளெல்லாம் சுபேதாரான அப்பாவின் பொறுப்பு. பழுது பார்த்த வண்டிக்கு ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவரே அதில் முதலில் ஏறிப் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். பழைய கமாண்டிங் ஆபீசர் கொண்டுவந்தது. பல நாள் அவரும் பின்னால் ஜவான்களோடு ஏறிக்கொள்வாராம். தப்பு செய்தவன் தானே வந்து சொன்னால் திட்டு உண்டு, தண்டனை கிடையாது. “அவர் முன்னால பொய் சொல்ல நாக்கு வராது” என்பார் அப்பா.

அந்த ஆபீசர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு எல்லாம் பளபளவென்று இருக்கவேண்டும். ஓட்டிப் பார்ப்பது டீசல் விரயம் என்று நிறுத்தினார். வண்டியில் கோளாறு என்று எவன் சொன்னாலும் அவனுக்கு லீவு கட். அப்புறமென்ன, கொஞ்ச நாளில் ஒரு வண்டியிலும் கோளாறே இல்லை! பரேடில் பூட்ஸ் மின்னியது. என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு என்று மேலிடம் மெச்சிக்கொண்டது. வீட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி சுவரில் மோதியது. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்கு கேட்டு வாங்கித் தின்ற பையன்தான் டிரைவர். அவனுக்கு வலது கால் போயிற்று. பையன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று விசாரணையில் சொல்லிவிடும்படி அப்பாவுக்கு ஜாடையாகச் சொல்லப்பட்டது. சுபேதார் மேஜர் பதவி இதோ அதோ என்றிருந்த நேரம் அது.

“ஏங்க, நமக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்று அம்மா அழுதாள்.

“பிரேக் சரியில்லைன்னு சொல்லப் பயந்துட்டான். பயங்காட்டினது யாருன்னு நான் சொல்லலேன்னா எதுக்குடி இந்த யூனிபார்ம்?” என்றார் அப்பா.

சொன்னார். பையனுக்குப் பென்ஷன் கிடைத்தது. அப்பாவுக்குப் பதவி கிடைக்கவில்லை, அந்த வருஷமே ஓய்வும் வந்துவிட்டது.

ஓய்வுபெறும் சுபேதாரைப் பூ சுற்றிய ஜீப்பில் உட்காரவைத்து, இன்ஜின் போடாமல் ஜவான்களே கயிறு கட்டி கேட் வரைக்கும் இழுத்துப் போவார்கள். அதைப் பார்க்க அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். ஜீப்பும் வரவில்லை, ஒரு ஈ காக்காவும் வரவில்லை. கடைசியில் நான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தேன். வண்டி ஷெட்டைத் தாண்டும்போது பார்த்தால், அப்பா வேலை பழக்கிய பசங்கள் அத்தனை பேரும் ஸ்பேனரும் கையுமாகத் தலைகுனிந்து நின்றிருந்தார்கள்.

அப்பா இப்போது இல்லை. நான் செகந்திராபாத்திலேயே மாரெட்பள்ளியில் இருக்கிறேன். அந்த வழியாக ஸ்கூட்டரில் போனால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு ஆட்டோவிலிருந்தே “நன்றி கெட்டவங்களா!” என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“திட்டாதம்மா. அவங்களுக்கு உத்தரவு வரல. உத்தரவில்லாம கைவேலைய விட்டுட்டு வரக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்ததே நான்தான்.”