எமிலியானுஸ் தின்ற ஆணிப்பாகு

தீவுக் கிராமமான நாரந்தனையில் எமிலியானுஸ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். உயரமானவரை நெட்டை எமிலி என்றும் மற்றவரைச் சீனி எமிலி என்றும் ஊர் பிரித்து வைத்திருந்தது. இது சீனி எமிலியின் கதை. ஞானஸ்நானத்தின்போது குருவானவர் நாக்கில் வைத்த உப்பைத் துப்பிவிட்டுக் கோயில் அதிர அழுத பிள்ளை அவர். வளர்ந்து, வள்ளம் வாங்கி, மேரிஜோசப்பினைக் கலியாணம் முடித்த பிறகும் அந்த நாக்கு மாறவில்லை. கோப்பையின் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியை விரலால் வழித்து நக்கினால்தான் அவருக்குக் கடலுக்குப் போகக் கால் வரும்.

அந்தக் காலிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. சிறுவயது முதல் கரையில் கிடக்கும் முருகைக்கல்லில் வெறுங்காலோடு திரிந்ததால் வலது உள்ளங்காலில் தோல் தடித்து ஓர் ஆணி விழுந்திருந்தது. எருக்கம்பால் விட்டுப் பார்த்தார். சூடாக்கிய செங்கல்லை மிதித்துப் பார்த்தார். செங்கல்தான் உடைந்தது. வலை இழுக்கும்போது வலக்காலைத் தூக்கிக்கொண்டு கொக்குப் போல நிற்பார். கரையில் நிற்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாட்டில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தது. கூப்பனுக்குக் கிடைத்ததை மேரிஜோசப்பின் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் செபமாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எமிலியானுசுக்கு ஒரு கடி பனங்கட்டியும் வெறுந்தேத்தண்ணியும்தான். மனிதர் அரைவாசியாக வற்றிப்போனார்.

அந்த வருடம்தான் மேரிஜோசப்பினின் தம்பி சந்தியோகு கப்பலில் இருந்து லீவில் வந்தான். வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய, ரொபி நிறைந்த பெரிய தகர ரின் ஒன்றைக் கொண்டுவந்தான். வண்ணத் தாளில் சுற்றிய ரொபிகள், வாயில் போட்டால் மெழுகு போல இளகிப் பல்லில் ஒட்டும். கோயில் பெருநாளுக்குச் சொந்தக்காரர் வருவார்கள், அதுவரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்று மேரிஜோசப்பின் சொல்லிவிட்டாள். ரின் பெரிதாக இருந்தபடியால் அலுமாரிக்குள் அடங்கவில்லை. குசினியில் அடுப்புக்கு மேலே இருந்த பரணில் வைத்தாள். பரணுக்கு ஏணி வேண்டும். ஆனால் ஆசைக்கு ஏணி எதற்கு? எமிலியானுஸ் உரலைக் கவிழ்த்து, அதன்மேல் கதிரையை வைத்து ஏறினார். ஒவ்வொரு நாளும் ஏறினார். ஆணிக்கால்கூட அந்த நேரத்தில் நோகவில்லை.

பெருநாளுக்கு முந்திய வாரம், பக்கத்து வளவு அருளப்பு அண்ணை வந்தார். அவர் வாலிபத்தில் கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றவர். அதனால் ஊரில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் அவரைக் கேட்பார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பெரும்பாலும் அவர் சொன்னதைச் செய்ததால். அவருக்குக் காட்டவென்று மேரிஜோசப்பின் பெருமையோடு ரின்னை இறக்கினாள். அது இறகு போல இறங்கிற்று. உள்ளே அடியை மறைக்க நாலு ரொபியும், பாரத்துக்கு ஒரு சிப்பியும் கிடந்தன. அவள் ரின்னைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். அவர் முகட்டைப் பார்த்தார்.

அதற்குள் அருளப்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரின்னின் அடியில் இருந்த இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தார். சீனி என்றார், பால் என்றார். பிறகு 'கோர்ண் சிரப்' என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது. முகம் கறுத்தது.

"எமிலி, உதில எவ்வளவு சாப்பிட்டனீர்?"

"ஏன் அண்ணை?"

"கோர்ண் எண்டால் காலில வாற ஆணி. கோர்ண் பிளாஸ்ரர் எண்டு என்ரை கையாலயே வித்தனான். சிரப் எண்டால் பாணிமருந்து. உது ஆணிக்குப் பூசுற மருந்து, உள்ளுக்கு எடுக்கக்கூடாது. ஆணியையே கரைக்கிற சாமான் குடலை விடுமோ?"

எமிலியானுசுக்கு அந்த இடத்திலேயே குடல் கரைவது கேட்டது. பாயை விரிக்கச் சொல்லிப் படுத்துவிட்டார். வள்ளத்தைச் சந்தியோகுவுக்குக் கொடுக்கச் சொன்னார். களங்கண்டி வலையைத் தன்னோடு சண்டைபிடித்த குருசுமுத்துவுக்குக் கொடுத்து, தான் மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். சற்று யோசித்து, மன்னிப்பு மட்டும் போதும், வலை வேண்டாம் என்றார். ரின்னில் மிஞ்சிய நாலையும் ஒருவரும் தின்னாமல் கடலில் எறியச் சொன்னவர், எறியும் முன் தனக்கு ஒருதரம் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

மேரிஜோசப்பின் இரண்டு நாள் கஞ்சி பருக்கினாள். மூன்றாம் நாள் முற்றத்தில் மீன் காயப்போட ஆள் இல்லாததால் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சாகிறதெண்டால் செத்திருப்பியள். எழும்புங்கோ, மீன் நாறுது."

எமிலியானுஸ் எழும்பிக் காலை ஊன்றினார். ஊன்றியவர் அப்படியே நின்றார். ஆணி நோகவில்லை. முற்றத்தில் ஓடிப் பார்த்தார். நோகவில்லை. வேலியோரம் கிடந்த கல்லில் ஏறிக் குதித்தார். மேரிஜோசப்பின் குருசு போட்டுக்கொண்டாள். அருளப்பு வந்து காலைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளுக்கு எடுத்தாலும் வேலைசெய்கிற புது மருந்து போலத் தெரிகிறது, தன் காலத்தில் இப்படி வரவில்லை என்றார்.

செய்தி தீவெல்லாம் போனது. ஆனால் போன விதம்தான் பிசகு. நாரந்தனையில் 'ஆணிக்கு ரொபி' என்று புறப்பட்டது, மண்டைதீவுக்குப் போய்ச் சேரும்போது 'ரொபிக்குள் ஆணி' என்று ஆகிவிட்டது. அங்கே கடை வைத்திருந்த செபஸ்தியம்மா, விற்பனைக்கு இருந்த ரொபியையெல்லாம் அம்மிக்கல்லில் போட்டு உடைத்து இரும்பாணி தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எறும்புகளுக்குத்தான் பெருநாள்.

நாரந்தனையிலோ ஆணிக்கால்காரர்கள் எமிலியானுஸ் வீட்டுக்கு நொண்டி நொண்டி வந்தார்கள். நெடுந்தீவில் இருந்துகூட இலட்சுமணன் என்ற மாட்டுக்காரர் வள்ளம் ஏறி வந்தார். மேரிஜோசப்பின் கடலில் எறியாமல் வைத்திருந்த நாலு ரொபியையும் பாக்குவெட்டியால் சீவிச் சீவிக் கொடுத்தாள். தின்பதா பூசுவதா என்று ஆளுக்கொரு கருத்து. பூசுகிற பழைய முறையே சிறந்தது என்று நம்பிய அருளப்பு தன் காலில் இருந்த ஆணியில் ரொபியை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். பிரசங்கத்தின் நடுவில் முசிறு எறும்புகள் அவரைக் கண்டுபிடித்தன. இருந்து கேட்கவேண்டிய இடத்தில் அவர் துள்ளியதைப் பார்த்து, குருவானவர் தன் பிரசங்கம் ஒரு மனதையாவது தொட்டதே என்று நினைத்தாராம்.

ரொபி முடிந்துவிட்டது. மருந்தைக் கொழும்பில் இருந்து எடுப்பிக்கச் சொல்லலாம் என்று எமிலியானுஸ் வெறும் ரின்னைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்குத்தரிடம் கொடுத்தார். டொக்குத்தர் வாசித்துவிட்டு, நடந்ததை முழுதும் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் தோள் குலுங்க இருந்தார். பிறகு திரும்பினார்.

"இங்கிலீசில ஆணிக்கும் சோளத்துக்கும் ஒரே பேர். உது சோளப்பாகு. சோளமாவில இருந்து காய்ச்சி எடுக்கிறது. பிறநாட்டில ரொபி, பிஸ்கற் எல்லாத்துக்கும் போடுறவை."

"அப்ப நஞ்சில்லையோ ஐயா?"

"நஞ்சுமில்லை, மருந்துமில்லை. சீனியைப் போல ஒண்டுதான். அளவாச் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது. நீர் சாப்பிட்ட மாதிரிச் சாப்பிட்டால் உடம்பையும் கெடுக்கும், பல்லையும் கெடுக்கும். எங்கை, வாயைத் திறவும்."

திறந்த வாய் மூடியபோது அதில் ஒரு கடைவாய்ப்பல் குறைந்திருந்தது. கால் சுகமானதற்கும் டொக்குத்தர் காரணம் சொன்னார். மூன்று நாள் ஊன்றாமல் படுத்திருந்தபடியால் நோவு அடங்கியது, நடக்க நடக்கத் திரும்பவும் வரும் என்றார். குறிப்பறிந்ததுபோல ஆஸ்பத்திரி வாசலிலேயே அது வந்தது.

வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்குத் திரும்பிய எமிலியானுசுக்கு, மருந்து பொய்யாய்ப் போன கவலையை விட வேறொன்றுதான் மனத்தில் நின்றது. சோளத்துக்குள் அவ்வளவு இனிப்பு இருக்கிறது! சீனிக்குக் கூப்பன் வேண்டும், சோளத்துக்கு வேண்டாம். அடுத்த நாளே ஒரு கடகம் சோளத்தை இடித்துப் பெரிய பானையில் போட்டுக் காய்ச்சினார். காலையில் இருந்து பொழுதுபடும் வரை கிண்டினார். பாகு வரவில்லை, பசை வந்தது. அகப்பை அதற்குள் நட்டுக்கொண்டு நின்றது. குருசுமுத்து அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்த் தன் வள்ளத்தின் வெடிப்பை அடைத்துப் பார்த்தான். இரண்டுமுறை கடலுக்குப் போய்வரத் தாங்கியதாகச் சொன்னான்.

கடைச் சோளம் பழசு, அதனால்தான் இனிப்பில்லை என்று முடிவுகட்டிய எமிலியானுஸ், மாரி மழைக்கு வளவு முழுக்கச் சோளம் போட்டார். பயிர் இடுப்பளவு வளர்ந்து, பார்க்க அழகாக நின்றது. கதிர் பால்பிடித்த அன்று மேரிஜோசப்பினின் ஆடு வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், மத்தியானத்துக்குள் வளவை மொட்டையடித்துவிட்டது.

எமிலியானுஸ் ஆட்டை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் மேரிஜோசப்பின் அந்த ஆட்டில் பால் கறந்ததும் செம்பை வாங்கி ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு குடித்தார்.

"இஞ்சேர், கொஞ்சம் இனிக்குது," என்றார்.

அவளும் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அது எப்போதும் இருந்த ஆட்டுப்பால்தான். அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "ஓம், கொஞ்சம்தான்," என்று சொல்லிவிட்டுச் செம்போடு குசினிக்குள் போனாள்.